சிமென்ட் தரையும் மூடிய சாக்கடையும்

சேலத்தில் நல்ல மழை பெய்துவிட்டால், இரண்டு மூன்று நாள் கழித்து எங்கள் மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி, வேகமாகப் போகும். முதலில் குழந்தைக்கு என்று கேட்டு வருவார்கள், அப்புறம் பெரியவர்களுக்கு. வருகிறவர்கள் எந்தச் சந்து என்று எனக்குத் தெரியும். அதனால் எந்தச் சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் கல்லாவில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

கடை இருப்பது கிச்சிப்பாளையத்தை ஒட்டி. திருமணிமுத்தாறு தூரமில்லை. சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிற ஆறு. சேலத்துக்குள் ஓடும்போது அதை ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மலையில் மழை கொட்டும் நாட்களில் மட்டும், நான் ஆறுதான் என்று கரையோர வீடுகளுக்குள் வந்து காட்டிவிட்டுப் போகும்.

அந்தக் கரையிலும், அதில் வந்து விழும் ஓடைகளின் ஓரத்திலும் இருக்கிறவர்கள்தான் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், வெள்ளிக்கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்கள், கட்டட வேலை, வீட்டு வேலை, தூய்மைப் பணி. குகை, அம்மாபேட்டைப் பக்கம் போனால் தறிக்காரர்கள். வீடுகள் பலவிதம். ஓட்டு வீடு, சிமென்ட் அட்டை போட்ட வீடு, தகரம் அடித்த வீடு, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொள்ளும் லைன் வீடு. நிறைய இடம் ஓடைப் புறம்போக்கு. வரி ரசீது இருக்கும், மின் இணைப்பு இருக்கும், ரேஷன் கார்டு இருக்கும். பட்டா மட்டும் இருக்காது.

குடிசைப் பகுதியைச் சீரமைப்பது என்றதும் எல்லாருக்கும் அடுக்குமாடிக் கட்டடம்தான் கண்முன் வருகிறது. 1970இல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்திலிருந்தே அந்தப் படம் நம் மனதில் பதிந்துவிட்டது. மறு ஆண்டு வந்த சட்டம் இரண்டு வழிக்கும் இடம் கொடுத்தது: இருக்கிற இடத்திலேயே வசதி செய்து தரலாம், அல்லது அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டலாம். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் மாறினாலும், திறப்பு விழாவுக்கு வசதியானது கட்டடம்தான். சாக்கடைக்கு யார் ரிப்பன் வெட்டுவார்?

மருந்துக் கடைக்காரன் கணக்கு வேறு. எனக்கு முதலில் தரை. அப்புறம் சாக்கடையும் தண்ணீரும். அதன் பிறகு காற்றும் வெளிச்சமும். சுவரும் பெயிண்டும் கடைசியில் வந்தால் போதும். இந்த வரிசையை மாற்றினால் பணம் செலவாகும், நோய் குறையாது.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் பேசுவதில்லை. மண் தரையைச் சாணம் போட்டு மெழுகி எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் அது மண்தான். தவழுகிற குழந்தை அதில் கை வைக்கும், அந்தக் கையை வாயில் வைக்கும். உருண்டைப்புழுவின் முட்டைக்கு மண் தேவை. வெளியே வந்தவுடன் அதனால் தொற்ற முடியாது, ஈரமண்ணில் சில வாரம் கிடந்தால்தான் தயாராகும். கொக்கிப்புழு இன்னும் மோசம். அதன் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்க் கடைசியில் குடலில் தொங்கி ரத்தத்தைக் குடிக்கும். பிள்ளை வெளுத்துப்போய், சோர்ந்துபோய் இருக்கிறது என்று டானிக் கேட்டு வருகிறார்களே, அதில் எத்தனைக்குக் காரணம் சாப்பாடு, எத்தனைக்குக் காரணம் புழு என்று பாட்டிலைப் பார்த்தால் தெரியாது.

மெக்ஸிகோவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அங்கே கோவாவிலா என்ற மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கியது. மண் தரை வைத்திருக்கும் ஏழை வீடுகளுக்கு அரசே கான்கிரீட் கலவையைக் கொண்டுவந்து வாசலில் கொட்டும், வீட்டுக்காரர்கள் தாங்களே தரை போட்டுக்கொள்ள வேண்டும். வீடொன்றுக்கு ஆன செலவு சுமார் 150 டாலர். பக்கத்து மாநிலத்தில் ஒட்டியே இருக்கும் நகரங்களுக்கு அப்போது அந்தத் திட்டம் வரவில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீடு முழுக்க சிமென்ட் தரையானால் குடல் புழுத்தொற்று 78 சதவீதம், வயிற்றுப்போக்கு 49 சதவீதம், ரத்தசோகை 81 சதவீதம் குறைகிறது. பிள்ளைகள் பேசக் கற்பதும் புரிந்துகொள்வதும் மேம்பட்டது. தாய்மார்களின் மனச்சோர்வுகூடக் குறைந்தது. கூரையை மாற்றவில்லை, சுவரைத் தொடவில்லை. வெறும் தரை.

நம் ஊரில் ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல வேலை, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைத்தான் வெளியேற்றும். பிள்ளை திரும்பப் போய் உட்காருவது அதே மண்ணில். தரை போட்ட வீட்டு அம்மாக்களிடம் பேச்சு கொடுத்தால், நோயைப் பற்றி அவர்கள் முதலில் சொல்வதில்லை. "தண்ணி ஊத்திக் கழுவ முடியுதுங்கண்ணா" என்பார்கள். எனக்கு அதுவே போதும்.

இப்போது எங்கள் பக்கத்தில் முழுக்க மண் தரையாக இருக்கும் வீடு குறைவு. தரை பிரச்சினை வேறு உருவத்தில் வந்திருக்கிறது. சந்தில் கான்கிரீட் ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டார்கள். அடுத்த முறை அதற்கும் மேலே. வாசற்படி ஏறிப் போன வீடுகளில் இப்போது படி இறங்கிப் போகிறார்கள். பழைய ரோட்டைச் சுரண்டிய பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். அதற்குள் பல சந்துகளில் வேலை முடிந்துபோயிருந்தது. ரோடு பளபளவென்று இருக்கும். மழை வந்தால் தெருத்தண்ணீர், அதோடு சாக்கடைத் தண்ணீர், வீட்டுக்குள். கணக்கில் பார்த்தால் அந்தச் சந்து மேம்படுத்தப்பட்ட சந்து. எங்கள் கடைக் கணக்கில் அது ஓ.ஆர்.எஸ். சந்து.

தறிக்காரர்களுக்கு இது இரட்டை அடி. குழித்தறி என்பது தரைக்குக் கீழே கால் வைத்து நெய்வது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நிரம்புவது தறிக்குழிதான். இறைத்துக் கொட்டினாலும் நாள்கணக்கில் ஈரம் போகாது. தறியில் ஏற்றிய பாவு நூல் வீணாகும். அந்த ஈரத்தில் கால் வைத்துக் காலை முதல் இருட்டும் வரை உட்காருகிறவருக்குச் சேற்றுப்புண், மூட்டு வலி, இழுப்பு. களிம்பு வாங்க வரும் ஒரு பெரியவரிடம், குழி காயும் வரை இறங்காமல் இருங்கள் என்றேன். "கூலி யார் சாமி கொடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுக் களிம்பை வாங்கிப் போனார்.

சாக்கடைக்கு வருகிறேன். கழிப்பறை கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் நானும் மற்றவர்களைப் போலவே பேசிக்கொண்டிருந்தேன். 2014க்குப் பிறகு மானியம் வந்து நிறைய வீடுகளில் கழிப்பறை வந்தது உண்மை. பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்கள் நாம் சொல்லத் தேவையில்லை. இருட்டுக்காகக் காத்திருந்து, அதுவரை தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்புக்கு மருந்து வாங்கியவர்கள் எங்கள் கடையிலேயே எத்தனையோ பேர். அது நிச்சயம் குறைந்தது.

வயிற்றுப்போக்கு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. காரணம் கழிப்பறைக்குப் பின்பக்கம் இருக்கிறது. இரண்டு ஆள் படுக்கிற அகலத்தில் இருக்கும் சந்தில் செப்டிக் டேங்க் எங்கே கட்டுவது? சிமென்ட் உறை இறக்கி ஒரு குழி, அது நிரம்பினால் வழிந்து தெருச் சாக்கடைக்கு. சிலர் குழிகூட இல்லாமல் நேராகவே சாக்கடையில் குழாயைத் திருப்பிவிட்டார்கள். முன்பு ஓடையோரம் ஒதுங்கினது, இப்போது வாசல் வழியாக ஓடுகிறது. சாக்கடை மூடியிருந்து ஓட்டமும் இருந்தால் பரவாயில்லை. மூடி உடைந்து, நெகிழிப்பை அடைத்து, தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, அதாவது வாட்டமே இல்லாமல் நின்றால் பிள்ளைகள் விளையாடும் இடம் அதுதான்.

ஒடிசாவில், புரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் செய்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. கழிப்பறை கட்டும் திட்டம் வந்த கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு குறையவே இல்லை. கட்டியதை எல்லாரும் பயன்படுத்தவில்லை, எல்லா வீட்டிலும் கட்டவும் இல்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் பிரேசில் நாட்டின் சால்வடோர் நகரம் இருக்கிறது. அங்கே தனித்தனி வீடாகப் பார்க்காமல், ஊர் மொத்தத்துக்கும் பாதாளச் சாக்கடை போட்டார்கள். இணைப்புள்ள வீடுகளை 26 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்த்துவதுதான் திட்டம். 2007இல் வந்த ஆய்வு, ஊர் முழுக்கக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நாட்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. முன்பு மிக மோசமாக இருந்த பகுதிகளில் குறைவு 40 சதவீதத்துக்கும் மேல். ஒரு வீட்டின் மலம் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாய்க்குப் போகிற வியாதி இது. பக்கத்து வீடு பாக்கி இருக்கும்வரை நம் வீட்டு டைல்ஸ் நம்மைக் காப்பாற்றாது.

நம் ஊர்ப் பாதாளச் சாக்கடை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்த கதை சேலத்தில் எல்லாருக்கும் தெரியும், தோண்டிய குழியில் வண்டியோடு விழுந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மெயின் ரோட்டில் குழாய் பதித்ததோடு வேலை முடிந்ததாகாது. சந்துக்குள் வந்து வீட்டு இணைப்பு கொடுக்கும்போதுதான் மருந்துக் கடையில் வித்தியாசம் தெரியும். அந்தக் கடைசி இருபது அடிக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. பட்டா இல்லாத வீட்டுக்கு இணைப்பு கொடுக்கலாமா கூடாதா என்று ஃபைல் சுற்றிக்கொண்டிருக்கும், சாக்கடைக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது.

தண்ணீர் விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்குப் பழைய வரலாறு உண்டு. 1911இல் பனமரத்துப்பட்டி ஏரியை நம்பித்தான் ஊருக்குக் குடிநீர் கொடுத்தார்கள். இப்போது மேட்டூர்த் தண்ணீர். குடிக்க நல்ல தண்ணி, புழங்க உப்புத் தண்ணி என்று வீட்டுக்குள் இரண்டு கணக்கு. நல்ல தண்ணீர் தினம் வராது, வருகிற நேரமும் வரையறை இல்லை. அதனால் குடம், அண்டா, நீல ட்ரம், சின்டெக்ஸ் என்று வீட்டில் எதெல்லாம் தண்ணீர் பிடிக்குமோ எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள்.

டெங்கு கொசுவுக்குச் சாக்கடைத் தண்ணீர் பிடிக்காது. அதற்கு வேண்டியது இப்படிப் பிடித்து வைத்த நல்ல தண்ணீர். முட்டையிட்டு ஏழிலிருந்து பத்து நாளில் கொசு பறந்துவிடும். ட்ரம்மைக் காலி செய்தாலும் விளிம்பில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி கிடந்து, அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் தேய்த்துக் கழுவுங்கள் என்கிறார்கள். 2017இல் டெங்கு தமிழ்நாட்டைப் போட்டு உலுக்கியபோது அதிகம் அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அந்த மாதங்களில் கடையில் பாரசிட்டமாலும் நிலவேம்புப் பொடியும் தீர்ந்து தீர்ந்து வந்தன. ஜி.எச்.சில் ஒரே கட்டிலில் இரண்டு பேர். வீடு வீடாக வந்து ட்ரம்மில் மருந்து ஊற்றினார்கள், தண்ணீரைக் கவிழ்க்கச் சொன்னார்கள், அபராதம் என்றார்கள். எங்கள் சந்து அக்கா ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். "தினம் தண்ணி விடுங்க, நான் ஏன் ட்ரம்முல பிடிக்கிறேன்?" அவர் கேட்டதில் ஒரு எழுத்து தவறில்லை. டெங்கு ஒழிப்பு என்பது பாதி தண்ணீர் வாரியத்தின் வேலை.

விட்டு விட்டு வரும் தண்ணீரில் இன்னொரு ஆபத்து உண்டு. குடிநீர்க் குழாய் பல இடங்களில் சாக்கடைக்குள்ளேயே, அல்லது அதை ஒட்டியே போகிறது. தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது குழாயில் கீறல் இருந்தால் தண்ணீர் வெளியேதான் கசியும். தண்ணீர் நின்றதும், அதிலும் யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால், கீறல் வழியாக வெளியே இருப்பது உள்ளே போகும். மறுபடி தண்ணீர் விடும்போது முதல் குடம் கலங்கலாக வருவது அதனால்தான். முதல் குடத்தைக் குடிக்க வைக்காதீர்கள், கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். சிலிண்டர் விலையைக் கேட்டால் சொல்கிற எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அகமதாபாத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய பரிவர்த்தன் என்ற திட்டம். இருக்கிற இடத்திலேயே, யாரையும் நகர்த்தாமல், வீட்டுக்கு வீடு குழாய், கழிப்பறை, சாக்கடை இணைப்பு, மழைநீர் வடிகால், சந்துக்குத் தளம், தெருவிளக்கு என்று எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்களும் 2,000 ரூபாய் பங்கு போட்டார்கள். பலன் தெரிந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. அங்கே சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் மூலம் ஏழைப் பெண்கள் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தார்கள். அந்தக் காப்பீட்டுப் படிவங்களை எடுத்துப் பார்த்தார்கள். காப்பீடு கேட்டு வந்தவர்களில் தண்ணீரால் வரும் நோய்க்காகக் கேட்டவர்கள் 32 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். 2010இல் வந்த ஆய்வு இது. யாரிடமும் போய் உங்களுக்கு உடம்பு எப்படி என்று கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை, பில்லே சொல்லிவிட்டது. என் கல்லாப்பெட்டியை நான் நம்புவதற்கு இதைவிடப் பெரிய ஆதரவு வேண்டாம்.

காற்று, வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. சிமென்ட் அட்டை வீட்டில் ஏப்ரல், மே மாத மத்தியானம் இருக்க முடியாது. அட்டைக்கு மேலே சுண்ணாம்பு அடித்தால் கொஞ்சம் தாங்கும், தென்னங்கீற்று பரப்பினால் இன்னும் கொஞ்சம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் வயதானவர்கள் அந்த மாதங்களில் மயங்கி விழுவதை நான் வெயில் காலச் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை, கூரைச் செய்தியாக எடுத்துக்கொள்கிறேன். ஒரே அறையில் ஆறேழு பேர், ஜன்னல் இல்லை, அதே அறையின் மூலையில் சமையல். எங்கள் ஊரில் அதற்கும் மேலே ஒன்று உண்டு: வீட்டுக்குள்ளேயே கொலுசு வேலை. பொடி வைத்துப் பற்றவைக்கும் புகை, மெருகு போடும் திராவகத்தின் நெடி, எல்லாம் அதே அறையில், தொட்டில் கட்டிய அதே அறையில். புது வீடு கட்டிக் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் பட்டறைக்கு ஒரு தனி இடம், ஒரு புகைபோக்கி என்று வரைந்து நான் பார்த்ததில்லை. சேலத்து ஏழை வீடு என்பது பாதி வீடு, பாதி தொழிற்கூடம். வரைபடம் போடுகிறவர்கள் வேறு ஊர்க்காரர்கள் போலிருக்கிறது.

காசநோய் காற்று வழியாகப் பரவுவது. அதற்குக் காற்றோட்டமும் வெயிலும் எதிரி. மும்பை கோவண்டிப் பக்கம் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்குக் கட்டிய மறுகுடியமர்வுக் கட்டடங்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே 3 மீட்டர்தான். கீழ் மாடிகளில் வெயிலே விழாது. இடைவெளி விட்டுக் கட்டிய பக்கத்துக் குடியிருப்பைவிட அங்கே காசநோய் பல மடங்கு அதிகம் இருந்தது. குடிசை போயிற்று, மாடி வந்தது, இருமல் போகவில்லை.

இடம் மாற்றுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆங்கிலேய டாக்டரின் நினைப்பு வரும். இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரின் சுகாதார அதிகாரி, மெக்கோனிகல் என்று பெயர். 1927இல் அந்த ஊரின் ஒரு சேரியை இடித்து, அங்கிருந்த குடும்பங்களை மவுண்ட் பிளசன்ட் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். குளியலறை, சமையலறை, காற்றோட்டம், எல்லாம் உண்டு. ஐந்து ஆண்டு கழித்து அவர் கணக்குப் பார்த்தார். சாவு விகிதம் ஆயிரத்துக்கு 23 ஆக இருந்தது, 33க்கு மேல் ஏறியிருந்தது. ஊரின் வேறு பகுதியில், இடிக்காமல் விட்ட இன்னொரு சேரியில் இப்படி ஏறவில்லை. வீட்டில் குறையே இல்லை. வாடகை ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது, வேலையில்லாத் திண்டாட்டக் காலம், வாடகை கட்டிய பிறகு சாப்பாட்டுக்கு மிஞ்சவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய் என்ன வாங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதிக் காட்டினார் அவர்.

சேலத்துக்கு இது பழைய கதை இல்லை. ஊருக்கு வெளியே குடியிருப்பு கட்டி, ஓடையோரத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சாவி கொடுக்கிறார்கள். சென்னையில் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக்கு ஏற்றியதைப் போலப் பெரிதாக இல்லாவிட்டாலும் சங்கதி ஒன்றுதான். எங்கள் ஊர்க் குடியிருப்புக்குப் போன ஒரு குடும்பம் எனக்குப் பழக்கம். அம்மா நான்கு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், நடந்தே போய் வருவார். இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும், அதனால் இரண்டு வீடுதான் பார்க்க முடிகிறது. பெண்களுக்கு பஸ் இலவசம் என்பதால் டிக்கெட் செலவு இல்லை, நேரத்தை யார் இலவசமாகக் கொடுப்பது? பையன் பட்டறை வேலையை விட்டான். மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம், மோட்டார் பில் பங்கு. மாத்திரை வாங்க இன்னமும் எங்கள் கடைக்கே வருகிறார், கொஞ்சம் கடனும் வைக்கலாம் என்பதால். முன்பு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிய பிரஷர் மாத்திரையை இப்போது பத்துப் பத்தாக வாங்குகிறார். வீடு எப்படிக்கா இருக்கிறது என்று கேட்டால், "வீட்டுக்கு ஒரு குறையும் இல்ல தம்பி" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். தறிக்காரர் வீடாக இருந்தால் இன்னும் கஷ்டம். இரண்டாவது மாடியில் குழித்தறி எங்கே தோண்டுவது?

இதற்காக ஓடைக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லவில்லை. வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகும் இடத்தில் யாரும் இருக்கக் கூடாது. ஆனால் அப்படிப்பட்ட வீடுகள் எங்கள் பக்கத்தில் ஒரு பகுதிதான். மற்றவை ஓடை என்று பதிவேட்டில் மட்டும் இருக்கிற இடங்கள். அவர்களுக்குப் பட்டாவோ, அது முடியாவிட்டால் பத்தாண்டுக்குத் தொட மாட்டோம் என்ற ஓர் எழுத்தோ கொடுத்தால் வீட்டை அவர்களே சரிசெய்துகொள்வார்கள். பட்டா உள்ளவர்கள் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் தங்கள் இடத்திலேயே கட்டிக்கொள்ள மத்திய, மாநில அரசுப் பங்கு சேர்ந்து 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வாங்கினார்கள். பட்டா இல்லாதவருக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. நாளைக்கு இடித்தால் என்ன செய்வது என்ற பயத்தில் இருக்கிறவர் தரைக்குச் சிமென்ட் வாங்க மாட்டார்.

ஆய்வுகளை நான் கொஞ்சம் அடுக்கிவிட்டேன். அதனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குடிசைப் பகுதிகளை மேம்படுத்தினால் உடல்நலம் உண்மையிலேயே கூடுகிறதா என்று உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2013இல், மருத்துவ ஆய்வுகளைச் சலித்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைச் சலித்ததில், முதன்மையாக எடுத்துக்கொள்ளத் தகுந்தவை ஐந்தே ஆய்வுகள். வயிற்றுப்போக்கு குறையலாம், தண்ணீருக்கு ஆகும் செலவு குறையலாம் என்பதற்கு ஓரளவு சான்று. மற்றவற்றுக்கு உறுதியாகச் சொல்லப் போதாது என்பதுதான் முடிவு. சிலர் இதைக் காட்டி, பார்த்தீர்களா, பலனில்லை என்கிறார்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. இத்தனை கோடி ரூபாய் உலகெங்கும் கொட்டிய பிறகும், கொட்டுவதற்கு முன் ஒரு கணக்கு, பின் ஒரு கணக்கு என்று எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் அதில் தெரிகிறது.

கணக்கு எடுப்பது அவ்வளவு கஷ்டமா? ஒரு வார்டில் சாக்கடை போடப் போகிறார்கள் என்றால், அதற்கு முந்தைய ஆண்டு அங்கிருந்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வயிற்றுப்போக்கு என்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று பதிவேட்டில் இருக்கும். அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடை இருக்கும். வேலை முடிந்த பிறகு அதே இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும். வேண்டுமானால் எங்களைப் போன்ற கடைக்காரர்களையும் கேட்கலாம், ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை, சிரங்கு மருந்து மூன்றும் மாதம் எவ்வளவு போயிற்று என்று கம்ப்யூட்டர் பில்லில் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தந்துவிடுவேன். இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.

2022 நவம்பர் 1ஆம் தேதி முதன்முறையாகப் பகுதி சபை என்று ஒன்றை மாநகராட்சிகளில் கூட்டினார்கள். கிராமசபை போல வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசலாம். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஆண்கள் பெரும்பாலும் ரோடும் தெருவிளக்கும் கேட்டார்கள். ஒருவர் நுழைவு வளைவு வேண்டும் என்றார், பெயர்ப்பலகையோடு. டெங்கு நேரத்தில் ட்ரம்முக்காகச் சண்டை போட்ட அதே அக்கா எழுந்து, புது ரோடு வேண்டவே வேண்டாம், முதலில் சாக்கடையை வாட்டம் பார்த்துப் போடுங்கள், ரோடு போடுவதாக இருந்தால் பழசைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள், குடிநீர்க் குழாயைச் சாக்கடையிலிருந்து தூக்கி மேலே கொண்டுவாருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னார். வந்திருந்த அலுவலர் எழுதிக்கொண்டார். எது முதலில் வேண்டும், ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வாட்டம்" என்றார்.

மதிப்பீடு போட்டிருப்பதாக இப்போது சொல்கிறார்கள். மட்டம் பார்க்கிற கருவியோடு இரண்டு பேர் வந்து சந்து நெடுகக் கோடு கிழித்துவிட்டுப் போனார்கள். வேலை தொடங்கும் முன்பே என் பில்லைப் பிரின்ட் எடுத்து வைத்துவிடுவதாக இருக்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.